பொய் வலியா, பிரசவ வலியா? நிறைமாதத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரசவ வார்டில் இரவுப் பணியில் இருக்கும்போது தொலைபேசி அடித்தால், எடுப்பதற்கு முன்பே கேள்வி தெரிந்துவிடும். "வலி வருது சிஸ்டர். இது அந்த வலிதானா, இல்ல சும்மாவா?" குரலில் பயமும் இருக்கும், தொந்தரவு செய்கிறோமோ என்ற கூச்சமும் இருக்கும். பல வருடங்களாக இதற்குப் பதில் சொல்லி வருகிறேன். தொலைபேசியில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயங்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரே ஒரு வலியை வைத்து யாராலும் தீர்மானிக்க முடியாது. ஒரு மணி நேரம் கவனித்தால்தான் தெரியும்.

முழுவதும் படிக்க நேரமில்லை. எப்போது உடனே கிளம்ப வேண்டும்?

கீழே சொல்பவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் வலியை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

37 வாரம் முடிவதற்குள் வலி விட்டு விட்டு வந்தால். மாதவிடாய் போல ரத்தம் போனால். பனிக்குடம் உடைந்து நீர் போனால். அது பச்சையாகவோ பழுப்பாகவோ துர்நாற்றத்தோடோ இருந்தால் இன்னும் வேகமாக. குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தெரியாமல் போனாலோ. வலி விடவே விடாமல் ஒரே பிடியாகப் பிடித்து, வயிறு பலகை மாதிரி இறுகியே இருந்தால். காய்ச்சல் இருந்தால். கடுமையான தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே மேல்வயிற்றில் வலி இருந்தால். கடைசியில் சொன்ன மூன்றும் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறியிருப்பதன் அறிகுறிகள்.

அபூர்வமாக நடப்பது ஒன்று உண்டு. பனிக்குடம் உடைந்தவுடன் பிறப்புறுப்பில் வழவழப்பான கயிறு போல ஏதாவது தட்டுப்பட்டால், தொப்புள்கொடி முன்னால் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை உள்ளே தள்ளாதீர்கள். முட்டிபோட்டுக் குனிந்து, நெஞ்சைத் தரையோடு வைத்து, இடுப்பை மேலே தூக்கியபடி இருங்கள். குழந்தையின் தலை கொடியை நசுக்காமல் இருக்கத்தான் இந்த நிலை. பக்கத்தில் இருப்பவர் அந்த நொடியே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பொய் வலி, சூட்டு வலி, பிராக்ஸ்டன் ஹிக்ஸ். மூன்றும் ஒன்றா?

ஒன்றுதான். ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1872இல் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. நாம் சூட்டு வலி என்கிறோம். பெயரில் சூடு இருந்தாலும் காரணம் சூடு இல்லை. ஆனால் தண்ணீர் குடிக்காமல் உடம்பு வறண்டால் இந்த வலி கூடும் என்பது உண்மை. சிறுநீரை அடக்கி வைத்திருப்பது, நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தது, தாம்பத்திய உறவு, சில நேரம் குழந்தை பலமாக உதைப்பது கூட இதைத் தூண்டும்.

'பொய் வலி' என்ற பெயர்தான் எனக்கு உறுத்தும். வலிப்பது நிஜம், கர்ப்பப்பையின் தசை இறுகுவதும் நிஜம். தூக்கம் கெட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் "அதெல்லாம் பொய் வலி" என்று சொன்னால், அவளே ஏதோ கற்பனை செய்கிறாள் என்பது போல ஆகிவிடுகிறது. அந்த வலியால் கர்ப்பப்பையின் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அப்படியென்றால் உள்ளே நடப்பதில் என்ன வித்தியாசம்?

கர்ப்பப்பை தசையால் ஆன பை. கர்ப்ப காலம் முழுக்க அது அவ்வப்போது இறுகித் தளரும். பாதிக் கர்ப்பத்துக்குப் பிறகு சிலருக்கு இது தெரிய ஆரம்பிக்கும்; கடைசி மாதங்களில் நிறையப் பேருக்குத் தெரியும். இந்த இறுக்கங்களில் ஒருங்கிணைப்பு இருக்காது. ஒரு பக்கம் இறுகும், இன்னொரு பக்கம் சும்மா இருக்கும், பிறகு அடங்கிவிடும்.

பிரசவம் நெருங்கும்போது தசைச் செல்கள் ஒன்றோடொன்று இணைப்பு ஏற்படுத்திக்கொள்கின்றன. ஒரு செல்லில் கிளம்பும் மின்தூண்டல் பக்கத்துச் செல்லுக்குத் தாவி, மொத்தத் தசையும் சேர்ந்து இறுகுகிறது. கர்ப்பப்பையை இறுகச் செய்யும் ஹார்மோனான ஆக்ஸிடோசினுக்கும் கர்ப்பப்பை முன்னைவிட நன்றாக மசிந்து கொடுக்கிறது. இறுக்கம் மேல்பகுதியில் தொடங்கிக் கீழே பரவும். ஒவ்வொரு முறையும் மேல்தசை கொஞ்சம் குறுகிக் கீழ்ப்பகுதியை மேல்நோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பில் கர்ப்பப்பையின் வாய் மெலிந்து, நீளம் குறைந்து, பிறகு 10 செ.மீ. வரை திறக்கிறது. குழந்தையின் தலை வாயை அழுத்த அழுத்த ஆக்ஸிடோசின் மேலும் சுரக்கும், வலி மேலும் கூடும். ஒன்று மற்றொன்றைத் தள்ளிக்கொண்டே போகும் ஏற்பாடு இது. அதனால்தான் நிஜப் பிரசவ வலி நேரம் போகப் போகக் கூடுகிறது, பொய் வலி ஓய்ந்துவிடுகிறது.

வீட்டில் இருந்தபடியே எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் செய்துகொண்டிருப்பதை மாற்றுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நடந்துகொண்டிருந்தால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். படுத்திருந்தால் எழுந்து மெதுவாக நடங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கலாம். பொய் வலி பெரும்பாலும் இதிலேயே அடங்கும், அல்லது தாறுமாறாகிவிடும். பிரசவ வலி நீங்கள் படுத்தாலும் வரும், நடந்தாலும் வரும், இன்னும் பலமாக வரும்.

அடுத்து, கையை வயிற்றின் மேல்பகுதியில் வைத்துப் பாருங்கள். நாங்கள் பயிற்சியில் கற்றுக்கொண்ட முறை இது. வலி உச்சத்தில் இருக்கும்போது விரல் நுனியால் மெதுவாக அழுத்துங்கள். மூக்கு நுனியைத் தொட்டது போல லேசாக அமுங்கினால் இறுக்கம் குறைவு. தாடையைத் தொட்டது போல இருந்தால் நடுத்தரம். நெற்றியைத் தொட்டது போல அமுங்கவே மறுத்தால் பலமான இறுக்கம். வலி விட்டதும் மறுபடி தொடுங்கள். வயிறு இளகியிருக்க வேண்டும். இடையில் இளகவே இல்லையென்றால் அது சரியில்லை, உடனே கிளம்ப வேண்டும்.

பேச்சும் ஒரு அளவுகோல்தான். வலி வரும்போதும் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்க முடிகிறதா? முடிந்தால் பெரும்பாலும் இன்னும் நேரம் இருக்கிறது. பாதி வாக்கியத்தில் நின்று, எதையாவது பிடித்துக்கொண்டு மூச்சை மட்டும் கவனிக்க வேண்டியிருந்தால் வலி கனத்துவிட்டது.

நேரத்தை எப்படிக் குறிப்பது? எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

நிறையப் பேர் தவறுவது இங்கேதான். ஒரு வலி ஆரம்பித்த நேரத்திலிருந்து அடுத்த வலி ஆரம்பிக்கும் நேரம் வரை எண்ண வேண்டும். முந்தைய வலி விட்ட நேரத்திலிருந்து எண்ணினால் இடைவெளி குறைவாகத் தெரியும். இது ஒரு கணக்கு. ஒவ்வொரு வலியும் எத்தனை விநாடி நீடித்தது என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். கூட இருப்பவர் எழுதினால் இன்னும் நல்லது.

இரண்டு தாள்களைப் பார்ப்போம். முதல் தாளில் வலி தொடங்கிய நேரங்கள்: 9.10, 9.24, 9.31, 9.52, 10.00, 10.22. இடைவெளி 14, 7, 21, 8, 22 நிமிடம். நீடித்தது 30 விநாடி, 50, 20, 40, 25, 30. நடுவில் 7 நிமிடம் என்று பார்த்ததும் நெஞ்சு படபடத்திருக்கும். ஆனால் இதில் ஒழுங்கு இல்லை, கூடிக்கொண்டும் போகவில்லை. பொய் வலியின் கையெழுத்து இப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது தாள்: 2.05, 2.14, 2.22, 2.30, 2.37, 2.44, 2.50. இடைவெளி 9, 8, 8, 7, 7, 6. நீடித்தது 35 விநாடியில் தொடங்கி 55 வரை போயிருக்கிறது. தனியாக எந்த எண்ணும் பயமுறுத்தவில்லை. வரிசையாகப் படித்தால் இது எங்கே போகிறது என்று புரிந்துவிடும்.

அதற்காக ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு மணி நேரம் எழுதுங்கள், பிறகு ஓய்வெடுங்கள். வலியின் போக்கு மாறினால் மறுபடி எழுதலாம்.

எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால் கிளம்பலாம்?

தலைப்பிரசவம், 37 வாரம் முடிந்துவிட்டது, வேறு சிக்கல் எதுவும் இல்லை என்றால் பொதுவாகச் சொல்லும் கணக்கு 5-1-1. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. இரண்டாவது, மூன்றாவது பிரசவம் வேகமாக நடக்கும். அவர்கள் ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனை தொலைவில் இருப்பவர்களும் அப்படித்தான். முன்பு சிசேரியன் ஆனவர்கள் வலி ஒழுங்காக வரத் தொடங்கியதுமே போக வேண்டும், ஏனென்றால் பழைய தையல் இருக்கும் இடத்தைக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. இரட்டைக் குழந்தை, குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பது, உயர் ரத்த அழுத்தம் என்று ஏதாவது இருந்தால் எப்போது வர வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அவர் சொன்னதுதான் உங்கள் கணக்கு.

வயிற்றில் வலியே இல்லை, இடுப்பில் மட்டும் வலிக்கிறது. இது பிரசவ வலியாக இருக்குமா?

இருக்கலாம். பின் இடுப்பில் ஆரம்பித்து முன்னால் சுற்றிக்கொண்டு வருவது பிரசவ வலியின் வழக்கமான போக்கு. பொய் வலி பெரும்பாலும் முன்வயிற்றோடு நின்றுவிடும். குழந்தையின் முதுகு உங்கள் முதுகை ஒட்டியிருந்தால் வலி முழுவதும் இடுப்பிலேயே இறங்கும். அப்போது கைகளையும் முட்டியையும் ஊன்றிக் குனிந்து இருப்பது சுகமாக இருக்கும்; கூட இருப்பவர் இடுப்பெலும்பின் நடுவில் உள்ளங்கையால் பலமாக அழுத்திக்கொடுத்தாலும் வலி தாங்கும்படி ஆகும்.

விட்டு விட்டு வருகிறதா என்பதைக் கவனியுங்கள். நாள் முழுக்க ஒரே மாதிரி இடுப்பு கடுப்பது வேறு. திரும்பிப் படுக்கும்போது தொடை இடுக்கில் சுரீரென்று இழுத்து உடனே போய்விடுவது தசைநார் இழுபடும் வலி, அதற்கும் பிரசவத்துக்கும் சம்பந்தமில்லை.

ரத்தம் கலந்த சளி மாதிரி போனது. இன்றே பிரசவமா?

கர்ப்பப்பையின் வாயை அடைத்திருந்த சளி அது. வாய் இளக ஆரம்பித்திருக்கிறது என்று தெரிகிறது. சில மணி நேரத்தில் வலி வரலாம், சில நாட்கள் கழித்தும் வரலாம். சளியில் ரத்தம் இழையோடியிருந்தால் கவலையில்லை. ரத்தமே போனால் கிளம்ப வேண்டியதுதான். 37 வாரத்துக்கு முன் சளி போனாலும் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

நனைந்திருக்கிறது. பனிக்குட நீரா, சிறுநீரா என்று தெரியவில்லை.

குடம் உடைந்து தரையெல்லாம் வெள்ளமாகும் என்றுதான் பலர் எதிர்பார்க்கிறார்கள். சிலருக்கு அப்படி நடக்கும். பலருக்குச் சொட்டுச் சொட்டாகக் கசியும், அதுதான் ஏமாற்றும்.

சிறுநீர் கழித்துவிட்டு, உள்ளாடையை மாற்றி, சுத்தமான நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படுங்கள். பிறகு எழுந்து நில்லுங்கள். படுத்திருந்தபோது தேங்கியது எழுந்ததும் குபுக்கென்று வந்தால் பனிக்குட நீராக இருக்க வாய்ப்பு அதிகம். சிறுநீரை அடக்குவது போல இறுக்கிப் பாருங்கள். பனிக்குட நீர் அதற்கு நிற்காது. சிறுநீருக்கு அதன் வாடை இருக்கும், மஞ்சளாக இருக்கும். பனிக்குட நீர் நிறமில்லாமலோ வெளிறியோ இருக்கும், காரமான வாடை இருக்காது. பச்சை அல்லது பழுப்பு என்றால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது.

நாப்கினைத் தூக்கிப் போடாதீர்கள், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நிறத்தை நாங்கள் கண்ணால் பார்ப்பது நூறு கேள்விக்குச் சமம். உள்ளே எதையும் வைக்க வேண்டாம், உறவும் வேண்டாம். வலி இல்லையே என்று வீட்டில் உட்காரவும் வேண்டாம். குடம் உடைந்து நேரம் ஆக ஆகத் தொற்று ஏறும் ஆபத்து கூடுகிறது.

எனக்கு 31 வாரம்தான். வயிறு அடிக்கடி இறுகுகிறது. விட்டுவிடலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் தயங்காமல் பதில் சொல்வேன்: விடாதீர்கள். இந்தப் பக்கத்திலேயே எனக்கு முக்கியமான பதில் இதுதான்.

எப்போதாவது ஒரு இறுக்கம் வந்து, தண்ணீர் குடித்துப் படுத்ததும் அடங்கினால் பயமில்லை. ஒரு மணி நேரத்துக்குள் நான்கைந்து முறைக்கு மேல் வந்தால், வலியே இல்லாத வெறும் இறுக்கமாக இருந்தாலும், உடனே அழைக்க வேண்டும். 37 வாரத்துக்கு முன் பிரசவ வலி சத்தமில்லாமல் வரும். மாதவிடாய்க்கு முன் வருவது போன்ற அடிவயிற்று மந்தம், இடுப்புக் கடுப்பு, கீழே அழுத்துவது போன்ற பாரம், வெள்ளைப்படுதல் திடீரென்று தண்ணீராக மாறுவது. இவற்றை 'வாயுவாக இருக்கும்' என்று தள்ளிவிடுவது சுலபம்.

சீக்கிரம் வரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குறைப்பிரசவம் வரும் போல் இருந்தால் குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஸ்டீராய்டு ஊசி போடுவோம். அது முழுப் பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாளைச் சம்பாதிக்கத்தான் வலியைத் தள்ளிப்போடும் மருந்தும் கொடுக்கிறோம். வாய் நிறையத் திறந்த பிறகு வந்தால் அந்த ஒரு நாள் எங்கள் கையில் இருக்காது. சில நேரம் காரணம் சிறுநீர்த் தொற்றாக இருக்கும். சிறுநீர் போகும்போது எரிச்சல் இருந்ததா என்று நாங்கள் கேட்பது அதனால்தான். தொற்றுக்கு மருந்து கொடுத்ததும் இறுக்கமும் நின்றுவிடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

பிரசவம் நெருங்கினால் குழந்தை அசைவதைக் குறைத்துக்கொள்ளும் என்கிறார்களே?

தவறு. இடம் குறைவதால் அசையும் விதம் மாறலாம். உதைப்பதைவிட உருளுவதும் நெளிவதும் அதிகமாகத் தெரியலாம். அசைவு குறையக் கூடாது. வலி தொடங்கிய பிறகும் குழந்தை அசைய வேண்டும். குறைந்தது போல் பட்டாலே வாருங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டில் கருவி வைத்து இதயத் துடிப்பு கேட்டது என்று நிம்மதி அடையவும் கூடாது. துடிப்பு கேட்பதும் குழந்தை நலமாக இருப்பதும் ஒன்றில்லை.

ஒரு நாள் முழுக்க வலி. போனால் "2 செ.மீ.தான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் அது பொய் வலியா?

இல்லை, நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது, அதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. பிரசவத்தின் ஆரம்பக் கட்டத்தில் வாய் மெலிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஏறக்குறைய 5 செ.மீ. வரை வேகம் இருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளிலும் வேகமான கட்டம் 5 செ.மீ.யிலிருந்துதான் கணக்கு. ஆரம்பக் கட்டம் சில மணி நேரத்திலும் முடியலாம், ஒரு நாளைத் தாண்டியும் இழுக்கலாம். வலி வந்து, நின்று, மறுபடி வரும். தலைப்பிரசவத்தில் இது சகஜம்.

அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது உங்களுக்கே நல்லது. லேசாகச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், வலிகளுக்கு நடுவே கண்ணை மூடுங்கள். வலி ஆரம்பித்த உற்சாகத்தில் முதல் பத்து மணி நேரம் நடந்தே தீர்த்துவிட்டு, தேவையான நேரத்தில் தெம்பில்லாமல் வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

திருப்பி அனுப்பினால் அவமானமில்லை. மூன்று முறை வந்து மூன்று முறையும் திரும்பிப் போன ஒரு பெண், நான்காவது முறை வரக் கூச்சப்பட்டு வீட்டிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். கடைசியில் வந்தபோது 9 செ.மீ. வார்டு வாசலைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்தது. நல்லபடியாக முடிந்தது, ஆனால் வழியில் நடந்திருக்கலாம். வாய் திறந்திருக்கிறதா என்பது உள்பரிசோதனையில் மட்டுமே தெரியும். அதைச் செய்யத்தான் நாங்கள் இருக்கிறோம்.

வலிக்கு மாத்திரை போடலாமா?

ஆரம்பக் கட்டத்தில் பாராசிட்டமாலை அளவோடு எடுக்கலாம், மருத்துவர் உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தவிர. ஐபுப்ரோஃபென் வகை வேண்டாம், அது குழந்தையின் சிறுநீரகத்தையும் இதய ரத்தக் குழாயையும் பாதிக்கக்கூடும். வலியை வரவழைக்க விளக்கெண்ணெய் குடிப்பதும் வேண்டாம். பேதியாகி உடம்பு வறண்டு, சோர்ந்து போய் வருவீர்கள்.

குறித்த தேதி தாண்டிவிட்டது, வலியே வரவில்லை.

குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய 20இல் ஒன்றுதான். 41 வாரத்தை நெருங்கினால் அடுத்து என்ன என்று மருத்துவரிடம் பேசுங்கள். அதுவரை அசைவைக் கவனிப்பதுதான் உங்கள் வேலை.

தொலைபேசியில் என்னவெல்லாம் சொல்ல வேண்டும்?

எத்தனையாவது வாரம், எத்தனையாவது பிரசவம். வலி எப்போது தொடங்கியது, இப்போது எத்தனை நிமிட இடைவெளி, எத்தனை விநாடி நீடிக்கிறது. நீரோ ரத்தமோ போனதா, என்ன நிறம். குழந்தை கடைசியாக எப்போது அசைந்தது. முன்பு சிசேரியனோ வேறு சிக்கலோ உண்டா. எழுதி வைத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தாலே போதும்.

முடிந்தவரை நீங்களே பேசுங்கள், கணவரிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிடாதீர்கள். பேசும்போது வலி வந்தால் பேச்சை நிறுத்திவிடுங்கள், மன்னிப்புக் கேட்க வேண்டாம். நாங்கள் தொலைபேசியை வைக்காமல் காத்திருப்போம். எத்தனை மூச்சு இழுக்கிறீர்கள், எங்கே குரல் அடங்குகிறது, எப்போது மறுபடி பேச்சு வருகிறது என்று அந்த ஒரு நிமிடமும் கேட்டுக்கொண்டுதான் இருப்போம்.